விளக்கு மாதையனும் கோணல் ஸ்டாண்டும்

ஓர் இரும்பை நிமிர்த்திய குற்றத்துக்காக என்னோடு எட்டு மாதம் பேசாமல் இருந்த மனிதன் இந்த உலகத்தில் ஒருவன்தான். என் தங்கை சென்னம்மாளின் புருஷன் மாதையன். அவனைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு இன்னும் காது சூடாகிறது. ஆனாலும் நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் அவன் சொல்லிவிடுவான். அவன் சொன்னால் அதில் நான் மடையனாக வருவேன்.

மாதையனுக்குச் சூரமங்கலம் ஜங்ஷனில் விளக்கு வேலை. பொழுது சாயும்போது எண்ணெய் டப்பாவும் துணியுமாகக் கிளம்பி, கைகாட்டி மரம் ஒவ்வொன்றிலும் ஏறி, விளக்கைத் துடைத்து எண்ணெய் ஊற்றி ஏற்றிவிட்டு இறங்க வேண்டும். மற்ற விளக்குக்காரர்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். இவன் ஏறுவான். அவ்வளவுதான். உச்சிப் படியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். கீழேயிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் கத்தினால், "இதா வாரேனுங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு மொளைக்கட்டுங்க" என்று மேலிருந்து பதில் வரும். நட்சத்திரத்தைச் சொல்கிறான். கள்ளிக்கோட்டை வண்டி கைகாட்டிக்காக வெளியே நின்று ஊதிக்கொண்டிருக்கும்.

நான் காளியப்பன். ஜங்ஷனில் இறங்கும் மூட்டைகளைச் செவ்வாய்ப்பேட்டைக்குக் கொண்டுபோகும் மாட்டு வண்டி எனக்கு. எனக்கும் என் சம்சாரம் அங்காளம்மாளுக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதும் இல்லை. சென்னம்மாளுக்கு ஒரே மகள், பாவாயி. மூன்று வயது. வண்டிச் சத்தம் கேட்டதும் "மாமோவ்" என்று ஓடிவந்து மாட்டின் காலுக்குள் புகுந்துவிடும். அந்தக் குழந்தைக்குத் தாய்மாமன் என்பதைத் தவிர எனக்கு இந்த ஊரில் வேறு பட்டம் எதுவும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

முப்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில், ரயில்வேயில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒரு துரை வேலையை முடித்துக்கொண்டு சீமைக்குக் கிளம்பினார். பங்களாச் சாமான்களை வேண்டியவர்களுக்கு வாரிக் கொடுத்தார். புத்தியுள்ளவர்கள் நாற்காலி கேட்டார்கள், மேசை கேட்டார்கள். ஒருவர் கிராமபோன் வாங்கிக்கொண்டு போனார். நம்மவன் நாலடி நீளப் பித்தளைக் குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கினான். நட்சத்திரம் பார்க்கும் தூரதிருஷ்டிக் கண்ணாடி. கூடவே ஒரு மரப்பெட்டியில் கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லைகள் மூன்று, ஓர் இரும்பு உருண்டை, ஓர் இங்கிலீஷ் புத்தகம். எல்லாவற்றையும் தூக்கி நிறுத்த மூன்று கால் வைத்த இரும்பு ஸ்டாண்டு ஒன்று.

"குழாய் கெடக்குது மாதையா, ஸ்டாண்டுதான் உசிரு" என்று துரை சொன்னாராம். இதை அவன் அன்றைக்கே என்னிடம் சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது.

குழாயை அவன் என் வண்டியில் ஏற்ற விடவில்லை. பச்சைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தே போய்விட்டான். ஸ்டாண்டு மட்டும் என் பொறுப்பு. ஏற்றும்போது அதை நான் உற்றுப் பார்க்கவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டுகிற இடத்தில் ஒரு பள்ளம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். வண்டி அதில் இறங்கி ஏறிய குலுக்கலில் ஸ்டாண்டு பின்பக்கமாக உருண்டு ரோட்டில் விழுந்தது.

இறங்கிப் போய்த் தூக்கி நிறுத்தினேன். மூன்று கால்களும் ஒழுங்காக நின்றன. மேலே கழுத்து மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சும்மா இல்லை, பாதிக்குப் பாதி சாய்வு. போச்சு, மாப்பிள்ளையின் சாமானை உடைத்துவிட்டேன்!

யாரும் பார்க்கிறதற்குள் கொல்லன் சின்னுசாமியின் பட்டறைக்கு வண்டியைத் திருப்பினேன். சின்னுசாமி கழுத்தைத் தடவிப் பார்த்தான். "நல்ல இரும்புங்க. பாவம், விழுந்த விழுவுல மடங்கிப்போச்சாட்டம் இருக்குது" என்றான். உலையில் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, நானும் ஒரு பக்கம் சம்மட்டி பிடித்து, அரை நாள் பாடுபட்டோம். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கி வந்து பிடித்துப் பார்த்தோம். கழுத்து நூல் பிடித்தாற்போல் நேர். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. போகிற போக்கில் ஒரு பூச்சு கறுப்பு வர்ணமும் அடித்துக் கொண்டுபோய் மாதையன் வாசலில் நிறுத்தினேன்.

அவன் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு தடவை வந்தான். இன்னொரு தடவை வந்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான், இதும்பட கழுத்து ஏன் நேரா இருக்குது?"

"நான் இருக்கறப்ப கோணலா விட்ருவனா மாப்பிள்ளை?" என்றேன் பெருமையாக.

"ஐயோ, பண்ணிப்போட்டீங்களே! கோணலா இருந்தாத்தானுங்க மச்சான் அது சரி!"

அவன் தலையில் அடித்துக்கொண்டே விளக்கியதில் எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். வானத்தில் துருவ நட்சத்திரம் ஒன்றுதான் நகராமல் நிற்கிறதாம். மற்றவை எல்லாம் அதைச் சுற்றி வருகின்றனவாம். ஸ்டாண்டின் கழுத்து அந்தத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தால், குழாயை ஒரே திருப்பாகத் திருப்பிக்கொண்டே போகலாம், பிடித்த நட்சத்திரம் குழாயைவிட்டுப் போகாது. கழுத்து நேராக இருந்தால் கொஞ்சம் மேலே, கொஞ்சம் பக்கத்தில், மறுபடி மேலே, மறுபடி பக்கத்தில் என்று ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் நட்சத்திரம் ஓடிப்போய்விடும்.

தப்பு என்மேல்தான். ஆனால் எனக்குத் தப்பு என்று தெரிந்தால்தான் கோபம் அதிகம் வரும். "கழுத்துச் சுளுக்குன சாமானை எவனாச்சும் சரின்னு சொல்லுவானா?" என்று கத்தினேன். "அப்படியானா உங்க வண்டிச் சக்கரம் மட்டும் எதுக்குங்க வட்டமா இருக்கணும்? அதையும் தட்டிச் சதுரமாக்கிக்குங்க" என்று அவனும் கத்தினான்.

சரி, வளைந்ததை நிமிர்த்தினோம், நிமிர்த்தியதை வளைக்க முடியாதா என்று மறுநாள் மறுபடி சின்னுசாமியிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். நாலாவது அடியில் 'ணங்' என்றது. கழுத்து தனி, கால் தனி. சின்னுசாமி சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கமாகத் தண்ணீர் குடிக்கப் போனான். அவ்வளவு நேரம் யாரும் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

அன்றோடு மாதையன் என்னோடு பேச்சை நிறுத்தினான். நிறுத்தினான் என்றால் ஒரேயடியாக அல்ல. நான் எதிரில் நிற்கும்போதே சென்னம்மாளைப் பார்த்துப் பேசுவான். "சென்னா, உங்கண்ணனை நெகுந்து நிக்கச் சொல்லு, வெளிச்சத்தை மறைக்கறாங்க" என்பான். நானும் சும்மா இருப்பேனா? "அம்மணி, உம்பட ஊட்டுக்காரருகிட்ட சொல்லு, வெளிச்சம் அவரு பாட்டன் சொத்தில்லைன்னு" என்பேன். சென்னம்மாள் இருவர் பக்கமும் திரும்பித் திரும்பியே கழுத்து வலி வந்து தைலம் தேய்த்துக்கொண்டாள். ஒரு நாள் அவள் கோழியை மூடப் போயிருந்த சமயத்தில், மாதையன் என் மாட்டிடம் சொல்லி அனுப்பினான்.

இதற்கிடையில் குழாயை நிறுத்த அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. சுவர்மேல் வைத்தான், உருண்டது. கடலைக்காய் மூட்டைமேல் வைத்தான், அவன் மூச்சு விட்டால் மூட்டை அசைந்து நிலா துள்ளியது. முருங்கை மரத்துக் கவட்டையில் சொருகினான். முருங்கையை நம்பலாமா? குழாயும் கிளையும் சேர்ந்து இறங்கின, கீழே நின்ற மாதையன் தாங்கிப் பிடித்ததால் குழாய் பிழைத்தது. அவனுக்கு மூக்கு வீங்கியது.

பெட்டியிலிருந்த மற்ற சாமான்களுக்குச் சென்னம்மாள் வேலை கொடுத்துவிட்டாள். அந்த இரும்பு உருண்டை குழாய்க்கு எதிர்ப்பாரமாகத் தொங்க வேண்டியது. அது கோழிக்கூடையின் மேல் பாரமாக உட்கார்ந்தது. கண்வில்லையின் பித்தளை மூடியில் குங்குமம் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த வில்லையில் பார்த்தால் நிலாவுக்கே பொட்டு வைத்தாற்போல் இருக்கும்.

ஐப்பசியில் பாவாயிக்குக் காது குத்துவதற்கு நாள் பார்த்தார்கள். தை மாதம், குலதெய்வக் கோவிலில். காது குத்தினால் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். இதை நான் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் வாங்க வேண்டிய சீர், எடுக்க வேண்டிய பாவாடை எல்லாவற்றையும் மனதில் எழுதிக்கொண்டிருந்தபோது சென்னம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, அவிய ஒண்ணு சொல்லியுட்டாங்க. ஒடைச்ச ஸ்டாண்டைக் கோணலாவே கொண்டாந்து குடுத்தா உங்க மடியாம். இல்லாட்டிப் போனா வாழப்பாடி ராசு மடியாம்."

வாழப்பாடி ராசு எங்கள் சித்தப்பா மகன். அவனும் முறைக்குத் தாய்மாமன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூன்று வருஷத்தில் அந்தக் குழந்தைக்கு ஒரு பொரி உருண்டை வாங்கிக்கொடுத்தவன் இல்லை. போன தடவை வந்தபோது பாவாயியைப் பார்த்து, "பையன் நல்லா வளந்துட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் மடியில் என் பாவாயியா?

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தில் என்று அங்காளம்மாளிடம் சொன்னேன். கோபம் இல்லை. பயம். அந்த மடியும் இல்லையென்றால் எனக்கு வேறு எது இருக்கிறது?

தேட ஆரம்பித்தேன். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து ஒரு கோல் நிற்க வேண்டும், அந்தக் கோலைச் சுற்றி ஒன்று சுழல வேண்டும், அதில் குழாயைக் கட்ட வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. கிணற்றுக் கப்பியைக் கழற்றிப் பார்த்தேன். அது நூறு கோழி கத்துகிற சத்தம் போட்டது, அங்காளம்மாள் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றாள். செக்கை ஒரு பக்கமாகச் சாய்க்கலாமா என்று எண்ணெய்க்காரரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டில் யாராவது பெரியவர்கள் இருந்தால் அனுப்பச் சொன்னார்.

மார்கழியில் ஒரு நாள் வண்டி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த சக்கரத்தையும் தரையில் படாமல் தூக்கி நிறுத்திக் கையால் ஒரு சுண்டு சுண்டினேன். அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அச்சு ஒரு கோல். அதைச் சுற்றிச் சுழல்வது சக்கரம். இருபது வருஷமாக அதன்மேல் உட்கார்ந்து ஊரெல்லாம் போய் வந்திருக்கிறேன். மை அப்பிய கையாலேயே என் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

பழைய வண்டியின் அச்சு ஒன்று கிடந்தது. சக்கரம் மட்டும் புதுசு வேண்டும். ஆடாமல் சுற்ற வேண்டுமே! என் வண்டியின் இடப்பக்கச் சக்கரத்தையே கழற்றிவிட்டேன். வண்டி ஒரு கல்லில் சாய்ந்து நின்றது. மாடுகள் இரண்டும் தீபாவளி வந்தாற்போல் படுத்துக்கொண்டன.

சக்கரத்தின் ஒரு விளிம்பில் கடையாணி அடித்து அதில் குழாயைத் தொங்கவிட்டேன், மேலும் கீழும் ஆடுவதற்கு. எதிர் விளிம்பில் பாரம் வேண்டும். இரும்பு உருண்டையைச் சென்னம்மாள் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள், கீரி நடமாட்டம் இருக்கிறதாம். அங்காளம்மாளின் அம்மிக்குழவியை எடுத்துக் கட்டினேன். இதெல்லாம் மாதையன் வீட்டு வாசலிலேயே, அவன் வேலைக்குப் போயிருந்த சாயங்காலங்களில். குழாயைச் சென்னம்மாள் திருட்டுத்தனமாக எடுத்துக்கொடுத்து, அவன் வருவதற்குள் திரும்ப வைத்துவிடுவாள்; சக்கரத்தையும் அச்சையும் நான் வைக்கோலுக்குள் மறைத்துவிடுவேன்.

கடைசி வேலை, அச்சைத் துருவ நட்சத்திரத்துக்குப் பிடிப்பது. காது குத்துக்கு ஒரு நாள் இருந்தது. சக்கரம் தரையில் இடிக்காமலிருக்க அதன் கீழே ஒரு குழி வெட்டிவிட்டு, இருட்டியதும் அச்சின் தெற்கு முனையில் மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டேன். வடக்கு முனையை அங்காளம்மாள் தூக்கித் தூக்கிக் கல் வைக்க வேண்டும். பழைய ஸ்டாண்டின் சாய்வு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த உயரத்துக்கு ஒரு வண்டிக் கல்லாவது வேண்டும் என்று கொண்டுவந்து குவித்திருந்தோம்.

ஐந்தாவது கல்லில், "நிறுத்து!" என்று கத்தினேன். அச்சின் நுனியில் துருவ நட்சத்திரம் உட்கார்ந்திருந்தது.

"இதுக்குத்தானா இத்தனை கல்லுச் சொமந்தேன்?" என்றாள் அங்காளம்மாள்.

நம்ப முடியாமல் எழுந்து நின்று கையை நீட்டி அளந்தேன். தரையிலிருந்து அந்த நட்சத்திரம் ஒரு முட்டி, அதற்குமேல் ஒரு விரல் உயரம். அவ்வளவுதான். அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பழைய ஸ்டாண்டின் கழுத்து பாதி வானத்துக்குச் சாய்ந்திருந்ததே? அரை நாள் சம்மட்டி பிடித்து நிமிர்த்தியவன் நான், அந்தச் சாய்வு என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த ஸ்டாண்டு சூரமங்கலத்தில் நின்றால் துருவ நட்சத்திரத்தை எங்கே பார்க்கும்? அது துரையின் ஊருக்குச் செய்த ஸ்டாண்டு! அங்கே அந்த நட்சத்திரம் அவ்வளவு உயரத்தில் நிற்கிறது போல. நான் நிமிர்த்தாமல் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாலும் அது இங்கே ஒன்றுக்கும் உதவியிருக்காது. நான் உடைத்தது உதவாக்கரை.

எட்டு மாதம்! இரத்தம் தலைக்கு ஏறியது. மாதையனைத் தேடி ஸ்டேஷனுக்கே போய், கைகாட்டி மரத்திலிருந்து இழுத்துப் போடலாம் என்று துண்டை உதறினேன். அங்காளம்மாள் குறுக்கே நின்றாள்.

"நாளைக்குக் காதுகுத்து. இப்ப வாயத் தொறந்தீங்க, அந்த மனுசன் மொறுக்கிட்டு ராசுவக் கூப்புட்டுப் போடுவாரு. மடியில புள்ள உக்காந்த பொறவு என்ன வேணும்னாலும் பேசிக்குங்க."

வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது நடந்தது அன்று ஒரு தடவைதான்.

மாதையன் விளக்கு வேலை முடித்து வந்தான். வாசலில் வண்டிச் சக்கரத்தில் குழாயும் குழவியும் எதிரெதிரே தொங்குவதைப் பார்த்து நின்றுவிட்டான். அச்சின் சாய்வை ஒரு பார்வை பார்த்தான். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அதை நான் கவனித்துவைத்தேன்.

"சென்னா," என்றான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்கண்ணன் எதைப் பாக்கலாம்ங்கறாங்க?"

மேற்கே சனி நன்றாக மின்னிக்கொண்டிருந்தது, அதைச் சுட்டிக்காட்டினேன். "சனியவா? நான் பாக்க மாட்டேன் சாமி, அவன் பதிலுக்கு என்னையப் பாத்துப்போடுவான்" என்று சென்னம்மாள் உள்ளே ஓடிவிட்டாள். எட்டு மாதமாக என் தலைமேல் உட்கார்ந்திருக்கிற சனிக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? குழாயைத் திருப்பிக்கொடுத்தேன். மாதையன் கண்ணை வைத்தான். சக்கரத்தை ஒரு விரலால் மெள்ளத் தள்ளினான். இன்னும் கொஞ்சம் தள்ளினான். அது வழுக்கிக்கொண்டு போயிற்று. அவன் கண்ணை எடுக்கவே இல்லை. வீங்கி ஆறிய அந்த மூக்குமேல் தண்ணீர் வழிந்தது.

"நிக்குது மச்சான்," என்றான். "வளையத்தோட நிக்குது. ஓடவே மாட்டேங்குது."

மச்சான்! எட்டு மாதத்தில் முதல் தடவை. நானும் பார்த்தேன். ஒரு குட்டி உருண்டை, அதைச் சுற்றி ஒரு வளையம், என் சக்கரத்தைத் தொட்டால் அது என் கண்ணுக்குள்ளேயே நின்றது. எனக்கும் கண் கரித்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோபம் போகவில்லை. அதைப் பத்திரமாக மறுநாளுக்கு எடுத்துவைத்தேன்.

மறுநாள் கோவிலில் பாவாயி மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, நான் எடுத்த பச்சைப் பாவாடையில் என் மடியில் உட்கார்ந்தாள். தூரத்தில் ராசு பந்திக்கு இலை போட்டாகிவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். தட்டார் தங்கக் கம்பியை எடுத்தார். குழந்தையின் தலையை என் நெஞ்சில் அழுத்திக்கொண்டேன். முதல் காதில் கம்பி இறங்கியது. பாவாயி போட்ட கூச்சலில் கோவில் மணி தோற்றது. "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல சாமி" என்று தட்டிக்கொடுத்துக்கொண்டே, எதிரில் வாழைப்பழத்தோடு குனிந்திருந்த மாதையனைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன்.

"ஒரு முட்டி, ஒரு விரலு."

அவன் கையிலிருந்த பழம் நழுவியது.

"தெரியுமா உனக்கு?" என்றேன்.

"தெரியுமுங்க."

"எப்பருந்து?"

"ஆடி மாசமே... புக்கிங் கிளார்க்கு அந்தப் பொஸ்தகத்தைப் படிச்சுச் சொன்னாருங்க. அந்த ஸ்டாண்டு துரையும்பட ஊருக்குத்தான் ஆகுமாம். வேற ஊருன்னா கழுத்த வேற சாய்வுக்குச் செஞ்சுக்கோணுமாம்."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

மாதையன் பழத்தைப் பொறுக்கி எடுத்து, மண்ணை ஊதி, வேட்டியில் துடைத்தான். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"சொல்லியிருந்தா எனக்கு யாரு மச்சான் ஸ்டாண்டு செஞ்சு குடுத்திருப்பா?"

அடப்பாவி! இந்த மடி, அந்த ராசு, என் கண்ணீர், என் இடப்பக்கச் சக்கரம், எல்லாம் இதற்குத்தானா? என் கை தானாக ஓங்கியது. எழுந்து அங்கேயே நாலு சாத்துச் சாத்தியிருப்பேன். ஆனால் மடியில் பாவாயி இருந்தாள். விம்மிக்கொண்டே இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்து, முகத்தை என் கழுத்தில் புதைத்துக்கொண்டிருந்தாள்.

தட்டார் அடுத்த கம்பியைத் துடைத்துக்கொண்டே என்னை அதட்டினார். "மாமங்காரரே, அசையாம உக்காருங்க. இன்னொரு காது இருக்குது."